மரப்பட்டையின் மூச்சு

நெடுந்தீவிலே நிற்கும் பெருக்கு மரத்தைக் காணச் செல்வோர், அது இலையுதிர்ந்து நிற்கும் காலத்திற் சென்றால் சற்று ஏமாற்றமடைவர். பருத்த அடிமரமும் மொட்டைக் கிளைகளுமே காட்சி தரும். ஆபிரிக்காவிற்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். இலை ஒன்றுமில்லாத அந்நாட்களில் அது எவ்வாறு சுவாசிக்கின்றது? இலையே மரத்தின் மூக்கு என எண்ணிப் பழகியவர்க்கு இவ்வினா புதிதாகத் தோன்றலாம்.

மரத்தின் தண்டிலும் உயிருள்ள கலங்கள் உண்டு. பட்டைக்கும் வைரத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் அவை மிகுதி. பிராணவாயுவை ஏற்று, சேமித்த சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் அவை, கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. இதற்கு இரவு பகல் என்ற வேறுபாடில்லை. வெப்பம் 10 பாகை கூடினால் சுவாசத்தின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும்.

ஆனால் பட்டையின் புறத்தே உள்ள தக்கை காற்றை எளிதிற் புகவிடாது. ஆதலால் அதிலே சிறு தழும்புகள் போலப் பட்டைவாய்கள் அமைந்துள்ளன. முருங்கைக் கொம்பை உற்று நோக்கினால் அவை புலப்படும். இலைவாய்களைப் போல இவை திறந்து மூடுவனவல்ல. நெருக்கமின்றிக் கிடக்கும் கலங்களின் இடைவெளியூடாக வாயுக்கள் பரவிச் செல்கின்றன.

உள்ளே தோன்றும் கரியமிலவாயு முழுவதும் அவ்விடத்திலேயே வெளியேறுவதில்லை. ஒரு பகுதி, வேரிலிருந்து ஏறும் நீரிற் கரைந்து மேலே போகின்றது. இன்னொரு பகுதியைப் பட்டையின் கீழுள்ள பச்சையம் ஒளியின் துணையால் மீண்டும் உணவாக்குகின்றது. வேலிக்கு நடும் கிளுவைக் கதியாலை நகத்தாற் கீறிப் பாருங்கள், பச்சை தெரியும். இலையும் வேருமற்ற அக்கதியால் துளிர்க்கும்வரை உயிர் தாங்குவதற்குச் சேமித்த உணவோடு இப்பச்சையும் உதவுகின்றது. பெருக்கு மரத்தின் பட்டையினுள்ளும் இது உண்டு.

பட்டைவாயின் அருமையை நன்கு உணர்த்துவன மண்டைதீவு போன்ற இடங்களின் சேற்றுக் கரைகளில் வளரும் கண்டற் காடுகளே. சேற்றினுள் பிராணவாயு அரிது. ஆகவே வெண்கண்டல், பென்சில்களை நட்டுவைத்தாற்போல மூச்சு வேர்களை மேலே நீட்டுகின்றது. வேறு கண்டலினங்கள் மிண்டி வேர்களை ஊன்றி நிற்கின்றன. சோலாண்டர் என்ற அறிஞரும் துணைவர்களும், மிண்டி வேர்களின் பட்டைவாய்களை மசகினால் அடைத்துப் பார்த்து, 1955இல் முடிவை வெளியிட்டனர். சேற்றிற் புதைந்திருந்த வேரினுள் பிராணவாயு இரண்டே நாட்களிற் பெரிதும் குன்றிவிட்டது.

படகுகளின் எண்ணெய் அவ்வேர்களிற் படிந்தாலும், கரையை நிரப்பக் கொட்டும் மண் மூச்சு வேர்களை மூடினாலும் நேர்வது இதுவே. இலைகள் பழுத்து உதிரும்போதுதான் காண்போர்க்கு அது தெரியவரும். அதற்கு முன்பே வேர் மூச்சுத் திணறியிருக்கும்.