பயிற்சியும் பட்டாவும்: வேளாண்மையில் கால்வைக்கும் மகளிர்க்கான ஆதரவுத் திட்டங்கள்

ஆய்வுச்சுருக்கம்

வேளாண் பணிகளில் பெரும்பங்கை மகளிர் ஆற்றி வந்தபோதும், தாமே பொறுப்பேற்று வேளாண்மை தொடங்கும் பெண்ணுக்கு உரிய ஆதரவு எளிதில் கிட்டுவதில்லை. தமிழ்நாட்டின் டான்வா திட்டம், கேரளத்தின் குடும்பஸ்ரீ கூட்டு வேளாண்மை, தமிழ்நாட்டின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. பயிற்சி திறனை வளர்க்கிறது. கடனும் உதவித்தொகையும் பெரும்பாலும் நில ஆவணத்தைப் பின்பற்றுகின்றன. இவ்விரண்டும் இணையும் இடத்திலேயே பெண் உழவராக நிலைபெறுகிறார் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பெண் உழவர், டான்வா, குடும்பஸ்ரீ, நன்னிலம், பட்டா, அடங்கல், குத்தகை.

முன்னுரை

தமிழ் இலக்கியத்திற்கு உழும் குடிப்பெண் புதியவள் அல்லள். வயலில் களை பறிக்கும் கடைசியரைப் புறநானூறு காட்டுகிறது. உழவன் என்பதற்கு இணையாக உழத்தி என்னும் சொல்லும் வழக்கில் இருந்தது. எனினும், இன்றைய நடைமுறையில் வயலில் உழைப்பவர் என்பதும் ‘விவசாயி’ என்பதும் ஒன்றல்ல. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்புப்படி, இந்திய அளவில் மகளிர் பொறுப்பிலுள்ள நிலக்கைப்பற்றுகள் எண்ணிக்கையில் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே. பரப்பளவில் இது இன்னும் குறைவு.

வேளாண்மையில் புதிதாகப் பொறுப்பேற்கும் மகளிருள் மூவகையினரைக் காணலாம். கணவனை இழந்தபின் நிலத்தைக் கவனிக்க நேர்ந்தவர், கணவர் வெளியூர் வேலைக்குச் சென்றதால் பயிரிடும் பொறுப்பை ஏற்றவர், சொந்த நிலமின்றிக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர் என அவர்களைப் பகுக்கலாம். மூவர்க்கும் வேலை தெரியும். முடிவெடுக்கும் உரிமையும் அதற்குரிய ஆவணமுமே புதியவை.

டான்வா: ஊருக்கு வந்த பயிற்சி

டேனிஷ் அரசின் டானிடா நிதியுதவியுடன் 1986ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் டான்வா எனப்படும் வேளாண் மகளிர் திட்டம் தொடங்கப்பெற்றது. சிறு, குறு உழவர் குடும்பப் பெண்களே இதன் பயனாளிகள். அதுவரை வேளாண் விரிவாக்கப் பணி பெரும்பாலும் ஆண் அலுவலரிடமிருந்து ஆண் உழவரையே சென்றடைந்தது. டான்வா இந்நிலையை இரு வழிகளில் மாற்றியது. பயிற்றுநராகப் பெண் வேளாண் அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். பயிற்சி ஊருக்குள்ளேயே நடத்தப்பட்டது. குழந்தையையும் கால்நடையையும் விட்டு வெளியூரில் தங்க இயலாத பெண்ணுக்கு இந்த இரண்டாம் மாற்றமே வாயிலைத் திறந்தது.

கற்பிக்கப்பட்ட திறன்களின் தன்மையும் நோக்கத்தக்கது. விதைநேர்த்தி, உயிர் உரப் பயன்பாடு போன்றவை செலவு குறைந்தவை. பெண்கள் ஏற்கெனவே செய்துவந்த பணிகளோடு பொருந்துபவை. உப்புக் கரைசலில் நெல் விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்கும் முறையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். கரைசலின் அடர்த்தியை அறிய ஒரு முட்டையே போதும். இத்தகைய திறனைக் கைக்கொள்ள வீட்டாரின் பெரிய ஒப்புதல் வேண்டியதில்லை.

டான்வாவின் வலிமையாகிய இதிலேயே அதன் எல்லையும் அடங்கியிருந்தது. விதையை எப்படித் தேர்வது என்பதைப் பெண் தீர்மானிக்கலாம். எப்பயிரை இடுவது, எவ்வளவு கடன் பெறுவது, கிணற்றை ஆழப்படுத்துவதா என்பன நிலத்திற்கு உரியவரின் முடிவுகளாகவே தொடர்ந்தன.

பட்டாவைத் தொடரும் உதவி

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறச் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் நிலப் பதிவேட்டில் பெயருடைய குடும்பத்தையே கணக்கில் கொள்கிறது. குத்தகையாளர் அதில் இடம்பெறுவதில்லை. பயிரிடுபவர் மனைவியாகவும் பட்டா மாமனார் பெயரிலும் இருக்கும் வீட்டில், பயிற்சிச் சான்றிதழ் மட்டும் எக்கதவையும் திறப்பதில்லை.

சட்டம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு அளிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே கொணர்ந்தது; நாடு முழுமைக்குமான திருத்தம் 2005ஆம் ஆண்டு வந்தது. ஆயினும், ‘பிறந்த வீட்டு உறவு வேண்டும்’ என்னும் எண்ணத்தால் உடன்பிறந்தானுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அவ்வுரிமையை ஏட்டளவில் நிறுத்திவிடுகிறது.

குழுவும் குத்தகையும்

1998ஆம் ஆண்டு தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீ இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. நான்கு முதல் பத்துப் பெண்கள் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாக இணைந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகின்றனர். அடமானத்திற்கு மாற்றாக உறுப்பினரின் பரஸ்பர உறுதியை ஏற்று வங்கி கடன் வழங்குகிறது. கூலிக்குச் சென்ற பெண், பயிரைத் தேர்ந்தெடுத்து, இலாப நட்டத்தை ஏற்பவராக மாறுகிறார்.

இங்கும் நிலமே நலிவான கண்ணி. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 முதல் குத்தகையைத் தடைசெய்துள்ளதால், குழுக்களின் குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே அமைகிறது. தரிசைத் திருத்தி மண்ணை வளப்படுத்திய குழுவிடம் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டால், அக்குழுவிற்குக் காட்ட ஆவணம் இல்லை.

நன்னிலம் திட்டம் நேரடியாக நில உடைமையை நோக்குகிறது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி மகளிர் நிலம் வாங்கத் தாட்கோ வழியாக 50 விழுக்காடு, உயர்ந்த அளவாக 5 இலட்சம் ரூபாய் மானியம் வழங்கப்படுகிறது. முத்திரைத்தாள் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்திற்கும் விலக்கு உண்டு. எஞ்சிய தொகையைத் திரட்டுவதும், வாங்கிய நிலத்திற்கு நீரும் முதல் போக முதலீடும் தேடுவதும் பெண்ணின் பொறுப்பாகின்றன. டான்வாவில் பயிற்சி இருந்தது, நிலம் இல்லை. இங்கு நிலம் இருக்கிறது, அதன்பின் பயிற்சியும் உடன்வர வேண்டும்.

முடிவுரை

மூன்று திட்டங்களும் ஒன்றன் குறையை மற்றொன்று சுட்டுகின்றன. பயிற்சியில் சேரும் பெண்ணின் பெயர் பயிரிடுபவராக அடங்கலில் பதியப்பெறுதல், குடும்ப நிலத்திற்குக் கூட்டுப் பட்டா, தமிழ்நாட்டின் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தை மகளிர் குழுக்களுக்குப் பயன்படுத்துதல், விதைப்பு முதல் விற்பனை வரை ஒரு முழுப் பருவத்திற்கு அலுவலரின் தொடர் வழிகாட்டல் ஆகியன இணைந்தால் அக்குறைகள் நீங்க வழியுண்டு. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் ஒரு வரிப் பதிவு, பல நாள் பயிற்சி தர இயலாத தகுதியைத் தருகிறது. அப்பதிவும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் வயலில் உழைக்கும் பெண் ஆவணத்திலும் உழவராவார்.