அறுந்த விரல் யாரிடம் இருக்கிறது?

மூலக்கொத்தளத்தில் ஒரு லேத்துப் பட்டறை. இயந்திரத்தில் சிக்கி ஒருவருக்கு விரல் துண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. ஹார்பரும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வட சென்னைக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது.

விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். குளிர்ச்சியில் இருக்கும் விரல் ஒரு நாள்வரைகூடத் தாங்கலாம். மணிக்கட்டுக்கு மேலே அறுந்தால் தசை அதிகம், கெடு சில மணி நேரம்தான்.

அதற்குள் எத்தனை பேரைப் பிடிக்க வேண்டும்! மயக்க மருந்து டாக்டர் வேறொரு தியேட்டரில், சர்ஜன் வார்டு ரவுண்ட்ஸில், எக்ஸ்ரே ஒரு மூலையில், ரத்த வங்கி இன்னொரு மூலையில். அலுவலகம் மாதிரி நாற்காலியில் யாரும் கிடைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் ‘தாய்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், 108 ஆம்புலன்ஸ் வந்து சேருமுன்பே தகவல் சொல்லிவிடும் ஏற்பாடு உண்டு. வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றாலே எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று அர்த்தம். யாரும் விளக்கத் தேவையில்லை.

மற்ற துறை டாக்டரை அழைக்க ‘கால் ஓவர்’ எழுதுவது பழைய வழக்கம். சீட்டோடு மாடி மாடியாக ஓடுவது ஹவுஸ் சர்ஜன். இப்போது வாட்ஸப்பும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஃபோன் அடிக்கும்போது எதிர்முனைக்காரர் கையுறையோடு தையல் போட்டுக்கொண்டிருக்கலாம். டென்மார்க்கில் ஜேக்கப் பார்ட்ராம் என்ற கணினி ஆய்வாளர் 2000-களில் இதற்கு வழி தேடினார். எந்த தியேட்டரில் ஆபரேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பெரிய திரை காட்டும். சக ஊழியர் எங்கே, என்ன வேலையில் என்று ஃபோனிலேயே தெரியும். அழைக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அந்தத் திரை செய்யும் வேலையில் பாதியை நம் வார்டுகளில் சிஸ்டர் செய்கிறார் என்பேன். யார் எந்தப் பக்கம் போனார், எந்த டிராலி காலி என்பது அவருக்குத் தெரியும். சிக்கல் டியூட்டி மாறும்போதுதான். நோயாளி கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற ஒரு வரி விட்டுப்போனாலே மயக்க மருந்து தள்ளிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. நோயாளி டிராலியில் எக்ஸ்ரேவுக்குப் போய்விடுவார். ஐஸ் பையோடு வந்த மச்சான் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பார். அதனால் விவரமான சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி: “விரல் யார் கையில இருக்கு?”