கோணமாமலைக்குக் கார் வேண்டுமா?

உல்லாசப் பயணம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி "எங்கே போவது?" என்பதன்று, "எதில் போவது?" என்பதேயாகும். சொந்தக் கார் உள்ளவர் நினைத்த நாளிற் புறப்பட்டுவிடுவர். இல்லாதவரோ, "ஒரு வான் பிடித்துப் போவோம்" என்று கூறி, பணம் சேரும்வரை பயணத்தை ஒத்திவைப்பர். அவ்வாறு ஒத்திவைத்தவர்களுள் நானும் ஒருவன்.

தேவாரப் பாடல் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டனுள் திருக்கேதீச்சரத்தை என் தந்தையார் தரிசித்திருந்தார், திருக்கோணேச்சரத்தைத் தரிசிக்கவில்லை. போர்க்காலத்தில் அது இயலவில்லை. 2009இல் போர் முடிந்து பாதைகள் திறந்த பின்னரும், "வயதானவரைப் பஸ்ஸில் அலைக்கழிப்பதா? அடுத்த விடுமுறைக்கு வான் பிடிப்போம்" என்று நான் தவணை சொல்லிக்கொண்டேயிருந்தேன். ஒரு விடுமுறை வருமுன் அவர் காலமானார். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்துத் திரும்புகையில் என் தாயார் சொன்னார்: "தம்பி, எனக்குக் கார் வேண்டாம். பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போ."

அவ்வாறே சென்றோம்: எழுபது கடந்த தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர், நான்.

திருக்கோணமலை நகரம் நடப்பவர்க்கென்றே அமைந்தது போன்றது. ஒடுங்கிய நிலப்பகுதியொன்றில் அது கிடக்கிறது. கிழக்கே ஒல்லாந்தர் குடா. மேற்கே உலகப் புகழ்பெற்ற உட்துறைமுகம். காலையிற் கிழக்குக் கரையில் நின்று கதிரவன் கடலினின்றும் எழுவதைப் பார்த்தவர், அன்று மாலையே மேற்குக் கரைக்கு நடந்துசென்று, அதே கதிரவன் துறைமுக நீருக்கப்பால் மறைவதையும் காணலாம். இரண்டு கரைகளுக்கும் இடையே சிறிது நேர நடைதான். பத்திரகாளி அம்மன் கோயிலும் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே உள்ளது.

கோணேசர் கோயிலுக்குப் பிரெடறிக் கோட்டையினூடாகவே செல்லவேண்டும். காரிற் செல்பவர் கோட்டை வாயிலை ஒரு நொடியிற் கடந்துவிடுவர். நாம் நின்றோம். அவ்வாயிற் கல்லில் இரு கயல்களும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் முதலில் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தனர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. வகுப்பறையிற் பலமுறை கூறியும் என் மகன் மனத்தில் நில்லாத இவ்வரலாறு, அக்கல்லைத் தொட்டுப் பார்த்தபோது நின்றுவிட்டது.

மேலே செல்லும் பாதை ஏற்றமானது. தாயார் மர நிழல்தோறும் இருந்து இளைப்பாறினார். கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்கள் அஞ்சாது அருகே வந்து நின்றன. "ஓட்டோ பிடிக்கட்டுமா, அம்மா?" என்றேன். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று; நடப்பேன்" என்றார்.

1950இல் நகரில் ஒரு கிணறு தோண்டியபோது பழைய ஆலயத்தின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இற் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிய ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் ஆலயச் சிதைவுகளைக் கண்டனர். மீளக் கட்டப்பெற்ற ஆலயத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது 1963இல். வழிபாடு முடிந்தபின் தாயார் இராவணன் வெட்டருகே நின்று கடலை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் கூறவில்லை. எனக்கு அதுவே போதிய கண்டனமாயிருந்தது.

கார் வேண்டாத பொருள் என்று நான் வாதாட வரவில்லை. நகரின் வடமேற்கே சில கல் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு, வெயிலையும் தாயாரின் களைப்பையும் எண்ணி, ஓட்டோவிலேயே சென்றோம். ஏழு கிணறுகளிலும் பிள்ளைகள் கைவைத்துப் பார்த்து, எது மிகச் சூடானது என்று வழக்காடினர். நிலாவெளிக் கடற்கரைக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து புறாமலைக்குப் படகிற் செல்ல விரும்புவோர், கடல் அமைதியாயிருக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான காலத்தைத் தெரிந்துகொள்ளல் நலம். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூர்ப் பக்கம் செல்ல நினைப்பவர்க்குக் கார் பெருந்துணையாகும்.

ஆகவே நான் கண்ட முறை இது: தூரத்துக்குச் சக்கரம், ஊருக்குக் கால். குடும்பத்தில் மூத்தவரின் கால்கள் எவ்வளவு தாங்கும் என்பதை அளவுகோலாகக் கொள்ளுங்கள்; அதிகாலையிலும் மாலையிலும் நடந்து, நண்பகலில் ஓய்வு கொள்ளுங்கள்; ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாதீர்கள்.

முக்கியமாக, காருக்காகக் காத்திராதீர்கள். கார் இன்றில்லாவிடின் நாளை வரலாம். அது வரும் நாளில், அதில் ஏற்றிச் செல்ல நாம் எண்ணியிருந்தவர் வீட்டிலிருப்பார் என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது.