மீன்தொட்டிப் புல்லுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

மீன்தொட்டியின் நடுவில் ரிப்பன் ரிப்பனாக எழுந்து நின்று, ஃபில்டர் தண்ணீரைத் தள்ளும் பக்கமெல்லாம் வளைந்து ஆடுமே ஒரு பச்சைப் புல், அது புல்லே இல்லை, தெரியுமா? வாலிஸ்நேரியா என்று பெயர். நெல்லும் அறுகும் இதற்கு வெகுதூரத்துச் சொந்தம்தான். நெருங்கிய பங்காளிகள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? நம் பாக் விரிகுடாவில்! ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடல்பசுவுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்ததே, அங்கே அது மேயும் கடற்புற்களில் பலவும் வாலிஸ்நேரியாவும் ஒரே குடும்பம். குளத்து வேலம்பாசியும் அதே வீட்டுப் பிள்ளைதான்!

இது பூப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணம் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அதே செடி! ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூ நீண்ட காம்பில் ஏறி, தண்ணீரின் மேல்தட்டுக்கு வந்து காத்திருக்கும். ஆண் பூக்களோ செடியின் அடியில், மணலை ஒட்டிய ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கில் அடைந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. உறை வெடித்ததும் அவை தாய்ச்செடியை விட்டே அறுந்து, மொட்டாகவே மேலே மிதந்து வந்து விரிகின்றன. பூ தன் செடியை விட்டுவிட்டுத் துணை தேடிப் புறப்படுகிறது! இதழ்களைப் பின்னால் மடித்து அவற்றின் மேல் நின்றபடி, காற்று தள்ளும் பக்கம் வழுக்கிக்கொண்டே போகிறது. பெண் பூ தன்னைச் சுற்றி நீர்ப்பரப்பில் ஒரு சிறு பள்ளம் உண்டாக்கி வைத்திருக்கும். பக்கத்தில் வரும் ஆண் பூ அந்தப் பள்ளத்தில் சரிந்து விழ, மகரந்தம் சேர்கிறது. அடுத்து நடப்பதுதான் உச்சம்: பெண் பூவின் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு சுருண்டு, காயை மறுபடி நீருக்கடியில் இழுத்துக்கொள்கிறது!

இவ்வளவையும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்று. ஒரே தாய்ச்செடியின் ஓடுதண்டிலிருந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒரே பால்தான். தொட்டி நிறையப் பெருகியும் சுருண்ட காம்பே கண்ணில் படவில்லையென்றால், உங்களிடம் இருப்பது முழுக்க ஒரே பால் செடியாக இருக்கலாம். வேறு இடத்திலிருந்து வந்த இன்னொரு கன்றையும் சேர்த்துப் பாருங்கள்!

வீட்டு மீன்தொட்டி என்ற வழக்கத்தின் தொடக்கத்திலேயே இந்தச் செடி இருந்தது தெரியுமா? லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஏறத்தாழ 12 காலன் பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் விட்டு வைத்தார். அழுகிய இலை தண்ணீரைக் கெடுக்கவே, அதைத் தின்னக் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். தண்ணீர் தெளிந்தது, மீன்கள் வாழ்ந்தன! மீனுக்குச் செடி, செடிக்கு மீன், இரண்டுக்கும் நத்தை என்ற அந்தக் கணக்கை 1850-இல் எழுதி வெளியிட்டார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு நல்ல சேதி. உப்புப் படியும் போர் தண்ணீர் மீன்தொட்டிக்கு ஆகாது என்று கவலைப்படுகிறீர்களா? வாலிஸ்நேரியாவுக்கு அந்தக் கடினநீர்தான் பிடிக்கும்! தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. சிலிண்டர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு விட வேண்டியதில்லை. சூடேற்றும் ஹீட்டரும் நம் வெயிலுக்குத் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: 'திரவ கார்பன்' என்று கடையில் விற்கும் குளூட்டரால்டிஹைடு மருந்தை ஊற்றினால் இலை நைந்து கரைந்துவிடும்.

நடுப்பகுதிக்கு எந்த வகை? சாதாரண ஸ்பைராலிஸ் வகை மேல்தட்டு வரை போய்ப் படர்ந்துவிடும், அது பின்வரிசைக்கு. நடுவில் வைக்க வட ஆஸ்திரேலியாவின் நானா நல்லது, இலை மிகக் குறுகல். என் ஓட்டு என்னவோ ஜப்பானின் பிவா ஏரி வகைக்குத்தான்! அந்த ஏரியிலும் அதிலிருந்து புறப்படும் ஆற்றிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. இலை ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டே மேலேறும் அழகு வேறெதிலும் இல்லை. குட்டை சாஜிட்டேரியாவும் இதே சாயலில் இருக்கும். வாங்கும்போது இலை நுனியை விரலால் தடவிப் பாருங்கள்: நுண்ணிய பல் தட்டுப்பட்டால் வாலிஸ்நேரியா, வழவழப்பாக இருந்தால் சாஜிட்டேரியா.

நடும்போது வேர் மட்டும் மணலுக்குள் போகட்டும். வேரும் இலையும் சேரும் வெளிறிய குருத்து புதைந்தால் அழுகிவிடும். முதல் சில வாரம் பழைய இலைகள் கரைவது வழக்கம்தான், பயந்து பிடுங்கி எறிய வேண்டாம். வேர் பிடித்ததும் ஓடுதண்டு விட்டு வரிசையாகக் கன்று போடும். பிறகு உங்கள் வேலை பெருக்குவதல்ல, அடக்குவது!

கரைந்த இலையைக் கிள்ளும்போது நல்ல இலையிலும் ஒரு துண்டு எடுத்து, பிள்ளைகளின் பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள் சுவரை ஒட்டி வரிசையாக ஓடிச் சுற்றுவது தெரியும். செடி உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை எப்படி மறக்கும்!

ஒரு வேண்டுகோள். அதிகமாகிப்போன செடிகளை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். நியூசிலாந்தில் இதே வாலிஸ்நேரியா வெளியிலிருந்து புகுந்து, ஏரிகளை அடைக்கும் களையாகி நிற்கிறது. நண்பருக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கொடுங்கள். யாரும் வாங்கவில்லையென்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்து மாடித்தோட்டத்து உரக்குழியில் போட்டுவிடுங்கள்.