பால் பத்தவில்லை என்ற பயம்

முதல் சில நாட்கள்

பிரசவமான இரண்டு மூன்று நாட்களுக்குச் சுரப்பது சீம்பால்தான். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி தேறினாலே பெரிது. பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அது போதும். பால் நன்றாக இறங்க 2 முதல் 4 நாள் ஆகும். சிசேரியன், அதிக ரத்தப்போக்கு, தாய்க்குச் சர்க்கரை நோய் ஆகியவை இருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். இந்த இடைவெளியில் குழந்தை அழும். பார்க்க வந்தவர்கள் ‘பால் பத்தல போல’ என்பார்கள். பால் பவுடர் டப்பா திறக்கப்படும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகவே சப்பும். சப்பாத மார்பு குறைவாகச் சுரக்கும். இல்லாத குறை இப்படித்தான் பல வீடுகளில் உண்டாகிறது.

எதை வைத்துக் கணக்கிடுவது?

பசி இல்லாமலும் குழந்தை அழும். பம்பில் எடுத்த பாலின் அளவும் சரியான கணக்கல்ல. குழந்தை உறிஞ்சுவதுபோல் பம்பு உறிஞ்சாது. ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, முதல் வாரத்தில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் மீண்டதா என்பவைதான் நம்பத்தக்க அடையாளங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி

காம்பு மட்டும் வாயில் இருந்தால் வெடிப்பும் வலியும் வரும். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். பிடிப்பைச் சரிசெய்யச் செவிலியர் அருகில் இருந்து காட்டும் பத்து நிமிடம், பல களிம்புகளை விட மேல். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை.

குற்ற உணர்வு

பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். ஆகவே தாயைக் குறை சொல்லும் வீடு, குழந்தையின் பாலுக்கும் தடையாக நிற்கிறது. சிலருக்கு உண்மையிலேயே பால் போதாது: தைராய்டு கோளாறு, மார்பில் செய்த அறுவை சிகிச்சை, கடும் ரத்தப்போக்கால் பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர்ந்த பாதிப்பு, பால் சுரப்பித் திசு வளராதது எனக் காரணங்கள் பல. பால் ஊறும் என்று சுறாப் புட்டும் பூண்டும் கொடுப்பார்கள். இந்தக் குறைகளை அவை தீர்க்கா. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாயின் அன்பை அளக்க அது வகுக்கப்படவில்லை. மருத்துவர் சொன்ன அளவில் பவுடர் பால் கொடுத்துக்கொண்டே, கிடைக்கும் தாய்ப்பாலையும் தொடரலாம். சிக்கனத்துக்காகப் பவுடரில் தண்ணீரைக் கூட்டுவதுதான் ஆபத்து.

பிரசவத்துக்குப் பின் காரணமில்லாத அழுகை தாய்மார் பலருக்கும் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகள் இருப்பதால், சிகிச்சைக்காகத் தாய்ப்பாலை நிறுத்தும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.