வாப்பாவின் ஹொண்டாவுக்கு விலை என்ன?

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் எத்தனையோ வீடுகளில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சீலை போர்த்தியபடி நிற்கிறது. ஹொண்டா 50, ஹொண்டா 90, சி.டி. 125 என்று பெயர்தான் வேறு. வாப்பா கடைக்குப் போனதும், உம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். வாப்பா மௌத்தான பிறகும் அதை விற்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இப்போது மகன் அதைத் திருத்தி, பெயின்ற் அடித்து, றோட்டுக்கு எடுக்கிறார். காப்புறுதிப் படிவத்தில் ஒரு கேள்வி: வாகனத்தின் பெறுமதி எவ்வளவு? நீங்களாயிருந்தால் என்ன எழுதுவீர்கள்?

எந்தக் காப்புறுதி?

சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு உரியது. உங்கள் வண்டி நொறுங்கினாலும் களவு போனாலும் அதிலிருந்து ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி எடுக்கும்போதுதான் பெறுமதி என்ற கேள்வி முக்கியமாகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கரையோரம் மறக்காது. கடல் கொண்டுபோன வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இடமில்லை. முழுக் காப்புறுதி இருந்தாலும், வெள்ளம், சுனாமி போன்ற இயற்கை அழிவுகள் அதில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

விலையை எது தீர்மானிக்கிறது?

காப்புறுதியின் அடிப்படை, இழந்ததை ஈடுசெய்வது, இலாபம் தருவதல்ல. ஆகவே, இழப்பு நேர்ந்த நாளில் அந்த வண்டி சந்தையில் என்ன விலை போகும் என்றே பார்ப்பார்கள். வாப்பாவின் நினைவுக்கு அங்கே விலை இல்லை.

வயது மட்டும் விலையைக் கூட்டிவிடாது. 1958இல் வெளிவரத் தொடங்கிய ஹொண்டா சூப்பர் கப் வகை, 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஹொண்டா 50உம் 90உம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. பழையதெல்லாம் அரியதாகிவிடுமா?

மதிப்பீட்டாளர் வேறு சிலவற்றைப் பார்ப்பார். என்ஜின் இலக்கமும் செஸி இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் பொருந்துகின்றனவா? டேங்க், மட்கார்ட், மீற்றர் எல்லாம் வண்டியோடு வந்தவையா, பின்னர் பூட்டியவையா? உப்புக் காற்று செஸியைத் தின்றிருக்கிறதா? மேலே பளபளக்கும் பெயின்ற் உள்ளே இருக்கும் துருவை மறைத்துவிடாது.

சந்தையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய தொகையை அப்படியே புதுப்பித்துக்கொண்டிருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைத்தாலும் நட்டம், கூட்டினாலும் நட்டம்

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, நான்கு இலட்சம் பெறும் வண்டிக்கு இரண்டு இலட்சம் என்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். விபத்தில் 60,000 ரூபாய் சேதம். ஒப்பந்தத்தில் குறை காப்புறுதி பற்றிய நிபந்தனை இருந்தால், பாதிக்கே காப்புறுதி செய்தீர்கள் என்று கூறி 30,000 மட்டுமே தருவார்கள். மீதி உங்கள் கையிலிருந்து போகும்.

எட்டு இலட்சம் என்று எழுதினால்? வண்டி முற்றாக அழிந்தாலும் சந்தை விலையான நான்கு இலட்சம்தான் வரும். கூடக் கட்டிய பிரீமியம் வீண்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய வண்டிகளுக்கு 'ஒப்புக்கொண்ட பெறுமதி' என்றொரு முறை உண்டு. இரு தரப்பும் தொகையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். அப்படிச் செய்ய முடியுமா என்று உங்கள் நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள். 1999 முதல் நம் நாட்டில் இயங்கும் தகாபுல் முறையில் சேர்ந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

வண்டி யாருடையது?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு இன்னும் வாப்பாவின் பெயரில் இருந்தால், நட்டஈடு கேட்கும் நாளில் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய விஷயம், அது வாரிசுச் சொத்து. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படியும் ஷரீஅத்படியும் அதில் உம்மாவுக்கும் பங்குண்டு, சகோதரிகளுக்கும் பங்குண்டு. மற்றவர்களின் பங்கைக் கொடுத்தோ, அவர்கள் மனமுவந்து விட்டுத்தந்தோ பெயர் மாற்றிய பின்பே அது உங்களுடையது.

தங்கச்சியிடம் "இந்தப் பழைய இரும்புக்கு என்ன விலை வரப்போகிறது?" என்று சொல்லிவிட்டு, காப்புறுதிக்காரரிடம் நான்கு இலட்சம் என்று எழுதுவது நியாயமா? இரண்டு இடத்திலும் விலை ஒன்றாகவே இருக்கட்டும்.

என்ன செய்யலாம்?

திறமையான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் மதிப்பீடு பெறுங்கள். அதே வகை வண்டி அண்மையில் என்ன விலைக்கு விற்பனையானது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். திருத்திய செலவின் பில்களைச் சேர்த்து வையுங்கள். நான்கு பக்கமும், இலக்கங்கள் தெரியும்படியும் படம் எடுங்கள். இவற்றின் பிரதிகளைக் கடலுக்குத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். வருடா வருடம் புதுப்பிக்கும்போது தொகையைச் சரிபாருங்கள். நட்டஈட்டில் தகராறு வந்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

வாப்பா விட்டுச்சென்ற வண்டியைத் துடைத்து மினுக்குவது நல்ல காரியம்தான். அதன் பத்திரங்களையும் பங்குகளையும் ஒழுங்காக்குவது அதைவிட நல்ல காரியம்.