பிரிக்கும் பிசின், தடுக்கும் பிசின்

மடித்தாலும் சுருட்டினாலும் முறியாத மின்கடத்தி ஒன்றை உருவாக்க முனைவோர் கார்பன் நானோகுழாயை நாடுவதற்கு முதற்காரணம் அதன் வடிவமே ஆகும். கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்த, ஓரணுத் தடிமனுள்ள தகடு சுருண்டு குழாயானதாக இதைக் கொள்ளலாம், ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தைச் சேர்ந்த சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே உலகின் கவனம் இதன்பால் திரும்பியது. ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீளமோ விட்டத்தைவிடப் பெரும்பாலும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. இவ்வளவு ஒல்லியான குழாய்கள் மின்கடத்தாப் பொருள் ஒன்றில் சீராகச் சிதறிக் கிடந்தால், எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே ஒன்றையொன்று எட்டித் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் செல்ல வழி அமைத்துவிடக்கூடும். அவ்வழி முதன்முதலாகத் திறக்கும் செறிவைப் பெர்கோலேஷன் வாசல் என்பர்.

ஆனால் சீராகச் சிதறுவது நானோகுழாயின் இயல்பன்று. அணுக்களுக்கிடையே நிலவும் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு, அடுத்தடுத்துக் கிடக்கும் குழாய்களின் முழு நீளத்திலும் செயல்படுவதால், குழைந்துபோன சேமியாவைப் போல அவை கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்கின்றன. நீரில் இட்டு மீயொலியால் பிரித்தாலும், ஒலி நின்றதும் மீண்டும் திரண்டு அடியில் படிகின்றன. இங்கேதான் இயற்கைப் பாலிமர்கள், அதாவது உயிரினங்கள் உருவாக்கும் நீள்சங்கிலி மூலக்கூறுகள், உதவிக்கு வருகின்றன. விளக்குக்கரி நீரில் படியாமல் இருக்கப் பழங்கால மை செய்வோர் சேர்த்த அதே அரபுப் பிசினைக் கொண்டு நானோகுழாய்களைத் தனித்தனியே நீரில் நிறுத்த முடியும் என்று இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். பிசினின் கிளைத்த சங்கிலிகள் குழாயின் மேற்பரப்பில் ஒட்டி, மறுபுறம் நீரில் நீண்டு நின்று, அடுத்த குழாய் நெருங்கவிடாமல் தடுக்கின்றன. மாவுச்சத்தும் இவ்வாறே குழாய்களை நீருக்குள் கொண்டுசெல்லும் என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் குழாய்கள் மறுபடி படிந்துவிட்டன என்பது அதைவிடச் சுவையானது.

இத்துறையின் அடிப்படை முரண் இதில்தான் தொடங்குகிறது. குழாய்களைப் பிரித்துவைக்கும் அதே உறை மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் உலர்ந்து படலமான பிறகும் இரு குழாய்களுக்கிடையே அந்த உறை தங்கிவிடுகிறது. எலெக்ட்ரான் குவாண்டம் ஊடுருவலால் அதைத் தாண்ட முடியுமாயினும், இடைவெளி சில நானோமீட்டரைக் கடந்தாலே அது அரிதாகிவிடும். ஆகவே ஒரு படலத்தின் மின்தடையைப் பெரிதும் தீர்மானிப்பவை குழாய்களல்ல, அவை சந்திக்கும் இடங்களே. பிசினைக் குறைத்தால் குழாய்கள் திரளும். கூட்டினால் மின்தடை உயரும். கடத்துதிறனை மட்டும் பறைசாற்றி, பாலிமரின் அளவைப் பற்றி வாய்திறவாத அறிவிப்புகளை ஐயத்தோடுதான் நோக்க வேண்டும்.

இந்த முரணைச் சுற்றிக்கொண்டு சென்ற முயற்சி ஒன்று அமெரிக்காவின் ரென்சலேர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் ராபர்ட் லின்ஹார்ட்டும் உள்ளிட்ட குழு, குழாய்களைப் பாலிமரில் கலக்காமல், சிலிக்கன் தகட்டின் மேல் நெட்டுக்குத்தாக வளர்த்த குழாய்களின் மீது, அயனித் திரவத்தில் (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பில்) கரைத்த செல்லுலோஸை ஊற்றி உறையவைத்து உரித்தெடுத்தது. 2007இல் வெளியான அந்தக் கருந்தாளில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸே இருந்தது; குழாய்கள் மின்முனையாகவும், செல்லுலோஸ் முனைகளைப் பிரிக்கும் தடுப்பாகவும், தாளில் தங்கிய அயனித் திரவம் மின்பகுளியாகவும் செயல்பட்டதால், முழு மின்தேக்கியும் ஒரே தாளுக்குள் அடங்கியது. வியர்வையும் இரத்தமும்கூட மின்பகுளியாகப் பயன்படுத்திப் பார்க்கப்பட்டன. பாலிமர் மின்சாரத்தைத் தடுக்கிறது என்ற குறையையே இவர்கள் அதன் பணியாக்கிக்கொண்டனர்.

செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சி வீங்குவதால் இத்தகைய தாள்களின் மின்தடை காற்றின் ஈரப்பதத்தோடு மாறும். மின்கம்பிக்கு அது கேடு, ஈரம் அறியும் உணரிக்கு அதுவே மூலதனம். ‘மக்கும் மின்னணுவியல்’ என்ற விளம்பரத்தைத்தான் எளிதில் ஏற்க இயலவில்லை: நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பது செல்லுலோஸை மட்டுமே, குழாய்கள் எஞ்சிவிடும். நீண்டு விறைத்த நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறைச் சவ்வில் கல்நார் இழைகளைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. பல்சுவர்க் குழாய்களில் ஒரு வகையை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2014இல் சேர்த்தது. ஏனைய வகைகளைத் தரம்பிரிக்கப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது.